எந்த அவை, எந்த நீதிமன்றம், எத்தனை வாக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் சர்வதேச உறவுகள் பாடத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பதைத் தொடும் வயதில் மறுபடியும் வகுப்புக்கு வந்தவள். உங்கள் நாளிதழின் உலகச் செய்திகள் பக்கத்தை ஒருநாள் விடாமல் படிக்கிறேன். வெட்டி ஒட்டிய நோட்டுகளே நான்கு சேர்ந்துவிட்டன. அந்தப் பக்கத்துக்காக ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு 'சமகாலச் சர்வதேசப் பிரச்சினைகள்' என்று ஒரு தாள் உண்டு. வாரத்துக்கு ஒரு வகுப்பு, மூன்று மணி நேரம், ஒரு நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். பேராசிரியர் முதல் நாளே ஒரு விதி வைத்தார். யார் எந்தச் செய்தியைப் பேச எடுத்தாலும், அந்தச் செய்திக்கு மூலமான ஆவணத்தையும் அச்செடுத்துக் கையில் கொண்டுவர வேண்டும். தீர்மானம் என்றால் தீர்மானம், ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம், நீதிமன்ற உத்தரவு என்றால் அந்த உத்தரவு. ஆவணம் இல்லாமல் வந்தால் அன்றைக்குப் பேச வாய்ப்பில்லை, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மூன்றாவது வாரம் என் முறை. ரஷ்ய அதிபர் புதின் மீது 2023 மார்ச் 17 அன்று பிறப்பிக்கப்பட்ட கைது வாரண்டை எடுத்துக்கொண்டேன். அந்தச் செய்தி என் நோட்டில் இருந்தது. ஒரு தமிழ் நாளிதழ் அதை 'ஐ.நா. நீதிமன்றத்தின்' உத்தரவு என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. எந்த இதழ் என்பது இங்கே தேவையில்லை. நான் அதை நம்பி ஒரு வாதத்தையே கட்டிக்கொண்டு போனேன். ஐ.நா.வின் நீதிமன்றம் சொன்னால் 193 உறுப்பு நாடுகளையும் அது கட்டுப்படுத்தும், ஆகவே புதின் எந்த நாட்டில் இறங்கினாலும் அவரைக் கைது செய்ய அந்த நாடு கடமைப்பட்டது என்று ஐந்து பக்கம் எழுதியிருந்தேன். நீதிமன்றம் வெளியிட்ட அறிவிப்பை முதல் நாள் இரவுதான் அச்செடுத்தேன். அதை ஒழுங்காகப் படிக்கவில்லை.

நான் பேசி முடிக்கும்வரை பேராசிரியர் குறுக்கிடவில்லை. முடித்ததும், "உங்க கையில இருக்கிற தாள்ல மேல என்ன போட்டிருக்குன்னு வாசிங்கம்மா" என்றார். வாசித்தேன். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். "அது ஐ.நா.வோட உறுப்பா?" என்று கேட்டார். இல்லை. 1998-ல் ரோம் நகரில் ஏற்கப்பட்டு, 2002 ஜூலையில் அமலுக்கு வந்த தனி ஒப்பந்தத்தின்படி இயங்கும் நீதிமன்றம் அது. தனி மனிதர்களை விசாரிப்பது. ஐ.நா.வின் நீதிமன்றம் என்றால் சர்வதேச நீதிமன்றம். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் வழக்கைத்தான் அது எடுக்கும், யார் மீதும் வாரண்ட் போடாது. இரண்டும் இருப்பது ஒரே ஊரில், நெதர்லாந்தின் தி ஹேக்கில். பெயரிலும் ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல் போனதில் என் ஐந்து பக்கமும் போயிற்று.

யாருக்குக் கைது செய்யும் கடமை என்பதை ஐ.நா. உறுப்பினர் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ரோம் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இந்தியா எதுவும் அதில் இல்லை. தென்னாப்பிரிக்கா இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் பிரிக்ஸ் மாநாட்டுக்குப் புதின் நேரில் போகாமல் காணொலியில் பேசியதன் பின்னணி அதுதான். மங்கோலியாவும் உறுப்பு நாடு. 2024 செப்டம்பரில் அவர் அங்கே போனார், கைது நடக்கவில்லை. அடுத்த மாதமே அந்த நீதிமன்றம், மங்கோலியா தன் கடமையில் தவறியது என்று முடிவு சொன்னது. இந்தச் செய்திகள் எல்லாமே என் நோட்டில் தனித்தனிப் பக்கங்களில் ஒட்டப்பட்டு இருந்தன. ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

இந்தப் படிப்பை வெளியில் இருந்து பார்க்கிறவர்கள், தினசரிச் செய்தியைப் படித்துக் கருத்துச் சொல்வதுதானே என்று நினைக்கிறார்கள். சேரும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பருவம் முழுக்கக் கோட்பாடு. ஒரு நாடு ஏன் போருக்குப் போகிறது என்பதைத் தலைவரின் மனப்போக்கில் தேடலாம், உள்நாட்டு அரசியலில் தேடலாம், உலகின் அதிகாரச் சமநிலையில் தேடலாம் என்று மூன்று தளங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் கோட்பாடு மட்டும் கையில் இருந்தால் எந்தச் சம்பவத்தையும் அதற்குள் திணித்துவிட முடிகிறது. இதை என்னிடமே பார்த்தேன், உடன் படிக்கிறவர்களிடமும் பார்த்தேன். 'நீ நினைப்பது இங்கே எழுதப்படவில்லை' என்று நம்மை நிறுத்துவது ஆவணம்தான்.

ஒரு வாரம் முழு வகுப்பும் ஒரே வாக்கியத்தில் போனது. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 242-ஆம் தீர்மானம், 1967 நவம்பர் 22, பதினைந்து உறுப்பினர்களும் ஏகமனதாக நிறைவேற்றியது. அண்மைப் போரில் (அந்த ஆண்டு ஜூனில் நடந்த அரபு-இஸ்ரேல் போர்) பிடித்த நிலப்பகுதிகளில் இருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்பது அதில் ஒரு வரி. ஆங்கில வாசகத்தில் 'நிலப்பகுதிகள்' என்பதற்கு முன்னால், குறிப்பிட்டதைச் சுட்டும் 'த' (the) என்ற சொல், அதாவது சுட்டு, இல்லை. பிடித்த நிலம் முழுவதையும் விடச் சொல்லவில்லை என்று ஒரு தரப்பு வாதாட அந்த இல்லாமை போதுமாக இருந்தது. பிரெஞ்சு வாசகத்தில் சுட்டு வருகிறது, எனவே எல்லா நிலப்பகுதிகளையும்தான் குறிக்கிறது என்று மறு தரப்பு சொன்னது. போரினால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்று அதே தீர்மானத்தின் முகவுரை சொல்வதையும் அவர்கள் காட்டினார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த வாதம் நிற்கவில்லை.

அன்று இரவு அந்த வரியைத் தமிழில் எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். எழுதவே முடியவில்லை. 'பிடித்த நிலப்பகுதிகளில் இருந்து' என்று எழுதினால் இரண்டு அர்த்தமும் ஒன்றாகவே வருகிறது. நம் மொழியில் அந்தச் சுட்டு கிடையாது. 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' என்ற இடத்தில் நம்முடைய இரண்டாம் வேற்றுமை 'ஐ' அந்த வேலையைக் கொஞ்சம் செய்கிறது. 'இருந்து' வரும் இடத்தில் அதுவும் உதவாது. 'அந்த நிலப்பகுதிகள்' என்றால் எந்த நிலப்பகுதிகள் என்ற கேள்வி வருகிறது, 'சில நிலப்பகுதிகள்' என்றால் ஒரு தரப்பின் வாதத்தை நானே தீர்மானத்துக்குள் எழுதியதாக ஆகிறது. கடைசியில், வரியை மொழிபெயர்த்துவிட்டு, அதன் கீழே சர்ச்சையை இரண்டு வாக்கியத்தில் விளக்கினேன். வேறு வழி தெரியவில்லை. தமிழில் இந்தச் செய்தியை எழுதுகிற ஒவ்வொருவரும் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இந்தக் கடிதத்தைக் குறை சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதும் அதனால்தான்.

இதே சிக்கல் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் வேறு வடிவில் வந்தது. 2015 டிசம்பர் 12, கடைசி நாள். நான்காம் பிரிவின் நான்காம் பத்தியில், உமிழ்வைக் குறைப்பதில் வளர்ந்த நாடுகள் முன்னணியில் நிற்பது பற்றிய வரியில் 'ஷால்' (shall) என்று அச்சாகியிருந்தது. அது சட்டக் கட்டாயம் ஆகிவிடும் என்று அமெரிக்கத் தரப்பு பதறியது. எழுத்துப்பிழைத் திருத்தங்களோடு சேர்த்து கட்டாயம் குறைந்த 'ஷுட்' (should) என்று மாற்றி வாசித்தார்கள், அதற்கப்புறம்தான் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. நம் பக்கங்களில் இரண்டுக்கும் 'வேண்டும்' என்றே வருகிறது. 'குறைத்தாக வேண்டும்' என்பதற்கும் 'குறைப்பது தகும்' என்பதற்கும் இடையில் தமிழில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. மொழியில் வசதி இருந்தும் நாம் பயன்படுத்தாமல் விட்ட இடம் இது.

நான் உங்களிடம் மிக முக்கியமாகக் கேட்க வருவது இன்னொரு சொல்லைப் பற்றி. என் ஆய்வேடு அதைப் பற்றித்தான். ஐ.நா. அவைகளில் ஒரு நாடு ஆதரித்து வாக்களிக்கலாம், எதிர்த்து வாக்களிக்கலாம், அவையில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தியோ கையை உயர்த்தியோ, இரண்டு பக்கமும் இல்லை என்று பதிவு செய்யலாம். நான்காவதாக, வராமலே இருக்கலாம். மூன்றாவதற்கு நம் இதழ்கள் பலவும் எழுதுவது, 'வாக்கெடுப்பைப் புறக்கணித்தது'. சில நாள் 'நடுநிலை வகித்தது', சில நாள் 'கலந்துகொள்ளவில்லை'.

புறக்கணிப்புக்கு நிஜமான உதாரணம் வேண்டுமானால் 1950-ஐப் பார்க்கலாம். சீனாவின் இடத்தில் யார் உட்காருவது என்ற தகராறில் சோவியத் ஒன்றியம் அந்த ஜனவரியில் பாதுகாப்பு கவுன்சிலை விட்டு வெளியேறியது. அதன் நாற்காலி காலியாக இருந்தபோதுதான் ஜூனில் கொரியப் போர் வெடித்தது, அதை ஒட்டிய தீர்மானங்களும் தடுக்க ஆளின்றி நிறைவேறின. சோவியத் பிரதிநிதி ஆகஸ்டில் திரும்பி வந்து உட்கார்ந்தார். அது புறக்கணிப்பு, அதன் விலையும் தெரிந்தது. ஆனால் 2011 மார்ச் 17 அன்று லிபியா மீதான 1973-ஆம் தீர்மானத்தில் ரஷ்யாவும் சீனாவும் செய்தது வேறு. அவையில் இருந்துகொண்டு, 'வீட்டோ' என்கிற தடுக்கும் அதிகாரமும் கையில் இருந்து, தடுக்காமல் விட்டன. ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை, விலகி நின்றவை 5. அந்த ஐந்தில் இந்தியா, பிரேசில், ஜெர்மனியும் உண்டு. 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' என்ற சொற்றொடரோடு தீர்மானம் நிறைவேறியது, குண்டுவீச்சு தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் சிரியா பற்றிய வரைவு வந்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. மார்ச்சில் அவை தடுக்காமல் விட்டதைத் தெரிந்துகொண்டால்தான் அக்டோபரில் ஏன் தடுத்தன என்பதைப் பேசவே முடியும். 'புறக்கணித்தன' என்று படித்தவருக்கு அந்தத் தொடர்ச்சி எங்கே கிடைக்கும்?

2024 மார்ச் 25-ஐயும் அப்படிப் பாருங்கள். காசாவில் ரமலான் மாதத்துக்குப் போர்நிறுத்தம் கோரிய 2728-ஆம் தீர்மானம். ஆதரவு 14, அமெரிக்கா மட்டும் விலகி நின்றது. அதற்கு முன் வந்த வரைவுகளை வீட்டோ செய்த நாடு அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டது. அன்றைய செய்தியே அதுதான்.

நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது ஜெனீவா. மனித உரிமைகள் கவுன்சிலில் இலங்கை மீதான தீர்மானங்களை நாம் எல்லோரும் எவ்வளவு பதைப்போடு பார்த்தோம் என்று உங்களுக்குத் தெரியும். 2012-ல் ஆதரவு 24, எதிர்ப்பு 15, விலகி நின்றவை 8. இந்தியா ஆதரித்தது. 2013-லும் ஆதரித்தது. 2014-ல் விலகி நின்றது. 2021 மார்ச் 23 அன்று ஆதரவு 22, எதிர்ப்பு 11, விலகி நின்றவை 14. அப்போதும் இந்தியா விலகியே நின்றது. அந்த 2021 வாக்குக்கு முன் இந்தியப் பிரதிநிதி பேசிய உரையை நான் எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறேன். இலங்கையின் ஒற்றுமை, ஆட்புல ஒருமைப்பாடு ஒரு தூண். சமத்துவம், நீதி, அமைதி, கண்ணியம் வேண்டும் என்ற தமிழர்களின் எதிர்பார்ப்பு இன்னொரு தூண். இரண்டும் தேவை என்பது அதன் சாரம். இதை ஏற்கலாம், கடுமையாக மறுக்கலாம். எனக்கே அதில் பெரிய வருத்தம் உண்டு. ஆனால் வாக்களிக்காமல் விலகிய ஒரு நாடு எழுந்து நின்று காரணத்தைச் சொல்லி, அது அவைக்குறிப்பில் ஏறியிருக்கிறது. அந்த உரையை வைத்து அந்த நாட்டை நாளைக்குக் கேள்வி கேட்க முடியும். 'புறக்கணித்தது' என்றோ 'நழுவியது' என்றோ எழுதிவிட்டால் கோபம் வரும், கேட்பதற்கான பிடி கிடைக்காது. எங்கள் வகுப்பில் இந்த உரைகளை 'வாக்கு விளக்கம்' என்கிறோம். என் ஆய்வேட்டில் பாதிக்கு மேல் இவைதான்.

என் நெறியாளர் ஒன்று சொன்னார். நடந்துகொண்டிருக்கும் விஷயத்தை ஆய்வுக்கு எடுத்தால் முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள், அதற்குப் பின் நடப்பது எதுவும் இந்த ஆய்வில் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுது என்றார். நான் அதை எதிர்த்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு புது வாக்கெடுப்பு வரும்போது விட்டுவிட மனம் வரவில்லை. நான்கு மாதம் அத்தியாயத்தைத் திருத்தித் திருத்தி எழுதி, ஒன்றும் முடியாமல் நின்ற பிறகு தேதியைக் குறித்தேன். நாளிதழுக்கு அந்த வசதி கிடையாது, நாளைக்கும் பக்கம் போட்டாக வேண்டும். அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஆய்வாளர் அவைக்குறிப்பைத் தேடிப் படிப்பார். என் அம்மா படிக்க மாட்டார். அவருக்கு உங்கள் பக்கம்தான் உலகம்.

அம்மா தொலைபேசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐ.நா.தான் சொல்லிடுச்சே, அப்புறம் ஏன் சண்டை நிக்கல?" நான் இரண்டு வருடமாகப் படிப்பதே இந்தக் கேள்வியைத்தான். பதில் சொல்ல வேண்டும் என்றால், 'ஐ.நா.' என்று அச்சாகியிருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் பற்றிச் சொன்னது பொதுச் சபை. ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகியவை 35. கூட்டிப் பார்த்தால் 181. மீதி 12 நாடுகள் வாக்கிலேயே இல்லை. தமிழ் வாசிக்கப்படும் நாடுகளிலேயே இந்தியாவும் இலங்கையும் விலகி நின்றன, மலேசியாவும் சிங்கப்பூரும் ஆதரித்தன. பொதுச் சபையின் அந்தக் குரலுக்கு எடை உண்டு, யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் பாதுகாப்பு கவுன்சிலுக்கு உண்டு. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்பு, பிப்ரவரி 25 அன்று, 11 நாடுகள் ஆதரித்த வரைவு அங்கே ரஷ்யாவின் வீட்டோவில் விழுந்திருந்தது. சர்வதேச நீதிமன்றத்தின் உத்தரவு அந்த வழக்கில் உள்ள நாடுகளைக் கட்டுப்படுத்தும், மீறினால் முறையிடப் போக வேண்டியது மறுபடியும் பாதுகாப்பு கவுன்சிலுக்குத்தான். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத ஏன் பேப்பர்ல போட மாட்டேங்கறாங்க" என்றார்.

நீதிமன்றச் செய்திகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 2024 ஜனவரி 26 அன்று, தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இஸ்ரேலுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. இனப்படுகொலை நடப்பதற்கு முகாந்திரம் இருப்பதாக நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று உலகெங்கும் எழுதினார்கள், தமிழிலும் எழுதினார்கள். உத்தரவில், பாலஸ்தீனர்களுக்காகப் பாதுகாப்புக் கோரப்படும் உரிமைகளில் சிலவாவது ஏற்கத்தக்கவை என்றுதான் இருக்கிறது. இனப்படுகொலை நடக்கிறதா என்பதை அது அப்போது முடிவு செய்யவில்லை. அப்போது நீதிமன்றத் தலைவராக இருந்த ஜோன் டோனஹியூ, அந்த ஏப்ரலில் பிபிசி பேட்டியில் இந்த வேறுபாட்டைத் தானே விளக்கினார். காசாவில் நடந்ததை இது சிறிதாக்காது. உத்தரவைப் படித்தால் அதில் உள்ள எச்சரிக்கை எவ்வளவு கனமானது என்று தெரியும். இனப்படுகொலை என்பது நம்மில் பலருக்குப் பாடப்புத்தகச் சொல் அல்ல. அதனால்தான், எந்த நீதிமன்றம் அதை எந்தக் கட்டத்தில் எப்படிச் சொன்னது என்பதில் ஒரு எழுத்தும் நகரக்கூடாது என்று கேட்கிறேன். நம் வழக்கு என்றைக்காவது ஒரு அவை முன் போகும்போது எதிர்த் தரப்பு முதலில் கைவைப்பது தளர்வாக எழுதப்பட்ட வரியில்தான்.

இது தமிழ் இதழ்களின் தவறு மட்டும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 ஜூலை 12 அன்று தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாக வந்தது, கடல் சட்ட உடன்படிக்கையின்படி அமைந்த நடுவர் தீர்ப்பாயத்தின் முடிவு. உலகின் பல ஊடகங்கள் அதை ஐ.நா. நீதிமன்றத் தீர்ப்பு என்று எழுதின. இந்த வழக்குக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சர்வதேச நீதிமன்றமே தன் இணையதளத்தில் அறிவிப்புப் போட வேண்டி வந்தது. 2025 ஜூலை 23 அன்று பருவநிலை பற்றி அதே நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது ஆலோசனைக் கருத்து, அதாவது ஐ.நா. அவை கேட்ட ஒரு சட்டக் கேள்விக்கான பதில். அதையும் 'தீர்ப்பு' என்று எழுதினால், எந்த நாடு தோற்றது என்று வாசகர் தேடுவார். அந்த விஷயம் எனக்கு மிகப் பிடித்தமானது. 2019-ல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் ஒரு வகுப்பில் தொடங்கிய யோசனை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அதை எடுத்துக்கொண்டு, 2023 மார்ச் 29 அன்று பொதுச் சபையைச் சம்மதிக்க வைத்து, தி ஹேக் வரை கொண்டுபோனது. எந்த அவைக்கு எதைக் கேட்கும் உரிமை உண்டு என்று அந்த மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மேசையைச் சுற்றி அதைப் படித்த நாள், மூன்று மணி நேரம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன். உலகச் செய்தியில் தீர்மானமோ உத்தரவோ வரும்போது, செய்தியின் அடியில் ஒரே ஒரு வரி சேருங்கள். உதாரணத்துக்கு: 'ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், தீர்மானம் 2728, 2024 மார்ச் 25. ஆதரவு 14, எதிர்ப்பு 0, விலகி நின்றது 1 (அமெரிக்கா).' இவ்வளவுதான். ஆர்வமுள்ள பள்ளி ஆசிரியரோ, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவரோ அந்த எண்ணை வைத்து மூல ஆவணத்தை ஐ.நா. இணையதளத்தில் எடுத்துக்கொள்வார். ஒப்பந்தம் என்றால், கையெழுத்தா, நாட்டின் ஒப்புதலா, அமலா என்பதை ஒரு சொல்லில் சொல்லுங்கள். ஆழ்கடல் உயிர்வளம் பற்றிய உடன்படிக்கை 2023 ஜூனில் ஏற்கப்பட்டது, அறுபதாவது நாட்டின் ஒப்புதல் 2025 செப்டம்பரில் வந்தது, அமலுக்கு வந்தது 2026 ஜனவரி 17. ஒவ்வொரு கட்டத்திலும் 'ஒப்பந்தம் நிறைவேறியது' என்று படித்தால், ஒரே ஒப்பந்தம் எத்தனை முறை நிறைவேறும் என்று வாசகர் குழம்பத்தானே செய்வார்? அப்புறம், இரண்டு நீதிமன்றங்களின் பெயர்களையும் முழுதாக எழுதுங்கள், தலைப்பில் இடம் போதாத நாளிலும்.

வாசகருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று உங்கள் செய்தி மேசையில் யாராவது கேட்கலாம். விளையாட்டுப் பக்கத்தில் ஒரு ஆட்டத்தின் எல்லாப் புள்ளிகளும் எப்போதும் அச்சாகின்றன, அதை நம் வாசகர்கள் வரி வரியாகப் படிக்கிறார்கள். போரை நிறுத்தச் சொன்ன வாக்கெடுப்பின் கணக்கையும் படிப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். அந்த மூன்றாவது வகை வாக்குக்கு நான் ஆய்வேட்டில் 'விலகி நிற்றல்' என்று எழுதுகிறேன். வகுப்பில் இன்னொரு தமிழர், 'விலகல்' என்றால் அமைப்பை விட்டே வெளியேறியதாகத் தோன்றுகிறது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'நடுநிலை' எனக்கு ஒப்பவில்லை, விலகி நிற்கிற நாடு பெரும்பாலும் நடுவில் நிற்பதில்லை. உங்கள் மொழிபெயர்ப்பாளர்களோ வாசகர்களோ இதைவிடப் பொருத்தமான, தலைப்பில் அடங்கக்கூடிய ஒரு சொல்லை வைத்திருந்தால், இந்தப் பகுதியிலேயே வெளியிடுங்கள். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, மாற்றிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
முதுகலை இரண்டாம் ஆண்டு, சர்வதேச உறவுகள்